ஒரே கொடி, ரெண்டு ஊர்: கிரிம்சன் ரோசும் பேர்ட்விங்கும்

கேள்வி (கொக்குவில் வாசகர்), 9 மார்கழி 2023

இலங்கையின்ர தேசிய வண்ணாத்திப்பூச்சி பேர்ட்விங் எண்டு பள்ளிக்கூடத்தில படிச்சனான். அது தின்னுற கொடி யாழ்ப்பாணத்திலயும் நிக்குது எண்டு அம்மம்மா சொல்லுறா. எங்கட வேலியில வாற கறுப்பும் சிவப்புமான பூச்சியும் அதே கொடியைத்தான் தின்னுதாம். அப்ப கொடி இருக்கேக்கை பேர்ட்விங் ஏன் இஞ்சை இல்லை? போன கிழமை நல்லூரடியில மஞ்சள் செட்டையோட ஒண்டு கண்டனான். அது அதுதானே?

9 மார்கழி 2023, இரவு

இல்லை, தம்பி. பேர்ட்விங் நல்லூருக்குத் தேர் பாக்கவும் வாறதில்லை. மஞ்சள் எண்டா அது கொன்றை மரத்தில வளருற கூட்டமாத்தான் இருக்கும். மாரி நேரம் அதுகள் றோட்டு முழுக்கப் பறக்கும்.

ஆனா முதல் கேள்வி நல்ல கேள்வி. சோறு அடுப்பில கிடக்கு, நாளைக்கு எழுதுறன்.

10 மார்கழி 2023

நேற்றுச் சொன்னது பிழை. தம்பி இப்ப சொல்லுறார், செட்டையின்ர கீழ்ப்பக்கம் மஞ்சள், கறுப்பு நரம்பு, ஓரத்தில சிவப்புப் பொட்டு வரிசை எண்டு. அது ஜெசபெல். கொன்றைக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதின்ர புழு மாமரத்தில ஒட்டியிருக்கிற குருவிச்சையைத் தின்னும். குருவிச்சை வெட்டாத சோம்பேறி வளவு ஏதும் பக்கத்தில இருக்கோ எண்டு பாருங்கோ. எங்கட வளவு அப்பிடித்தான்.

11 மார்கழி 2023

இப்ப கேள்விக்கு வாறன். நான் ரெண்டு பூச்சியோடயும் இருந்தனான். இஞ்சை உடுவிலில உங்கட வேலியில வாற அந்தக் கறுப்பு சிவப்புப் பூச்சி, அதின்ர பேர் கிரிம்சன் ரோஸ். மலைநாட்டில மாத்தளைப் பக்கம் ஆறு வருஷம் படிப்பிக்கேக்கை பேர்ட்விங்.

முதல் நாளை மறக்கேல்லை. பின்னேரம் விறாந்தையில கொப்பி திருத்திக்கொண்டிருந்தன். மேசையில கிடந்த கொப்பியளுக்கு மேல ஒரு நிழல் போச்சுது, திரும்பி வந்துது, பேந்தும் போச்சுது. காகம் எண்டு நினைச்சு நிமிரேல்லை. மூண்டாந்தரம் நிமிர்ந்து பாத்தா, கூரைக்கு மேல கறுப்பு முன்செட்டையை விரிச்சபடி, பின்செட்டை பட்டுத்துணி மாதிரி மினுங்க, அடிக்காமலே மிதந்துகொண்டு ஒண்டு போகுது. மஞ்சள் எண்டு எழுதினால் காணாது. பொங்கலுக்குக் கட்டுற புதுப்பட்டில வெயில் படுற மஞ்சள்.

இலங்கையில உள்ள வண்ணாத்திப்பூச்சியளுக்குள்ள இதுதான் ஆகப் பெரிசு. விரிச்ச செட்டை 16, 17 சென்ரிமீற்றர் வரும். எங்கட கிரிம்சன் ரோஸ் 9 இல இருந்து 11. அதுவும் சின்னனில்லை, இஞ்சத்தை வளவுக்கு அது பெரிய ஆள்தான். பேர்ட்விங்குக்குப் பக்கத்தில வைச்சா அப்பனுக்குப் பக்கத்தில நிக்கிற மகன் மாதிரி.

அங்கை இருந்த ஒரு ஐயா விடியக்காலமை வரச் சொன்னவர். ஆண் பூச்சி மரக் கொப்புகளுக்கு மேலால சுத்துது. பெட்டை மாத்திரம் கீழ இறங்கி, பத்தைக்குள்ள கொடி தேடுது. ஒரு இலையில முன்காலால தட்டிப் பாக்கும், அடுத்ததுக்குப் போகும். பாக்கிறது எண்டா கண்ணால இல்லை, காலால. வண்ணாத்திப்பூச்சிக்குக் காலிலதான் சுவை அறியிற உறுப்பு இருக்கு. சந்தையில கத்தரிக்காயை அமத்திப் பாக்கிற எங்கட அம்மாவைத்தான் ஞாபகம் வந்துது.

11 மார்கழி, கொஞ்சம் பிந்தி

"மகன்" எண்டு எழுதினதுக்கு ஒருவர் கோவிச்சிருக்கிறார். சரி, மச்சான்மார். ரெண்டும் ஒரே பெரிய குடும்பத்துக்குள்ள ஒரே கிளை. பிள்ளை எண்டில்லை.

17 மார்கழி 2023

எப்பிடி ஒரே கிளை எண்டு கேக்கினம். தின்னுறதைப் பாருங்கோ. ரெண்டின்ர புழுவும் அரிஸ்டொலோக்கியா எண்ட சாதிக் கொடியைத்தான் தின்னும். அந்த இலையில அரிஸ்டொலோக்கிக் அமிலம் இருக்கு, நஞ்சு. புழு அதைத் தன்ர உடம்பில சேத்து வைக்கும். அந்த நஞ்சு கூட்டுப்புழுவுக்கும் போகும், செட்டை முளைச்ச பிறகும் கிடக்கும். ஒருக்காக் கொத்தின குருவி ரெண்டாந்தரம் யோசிக்கும். அதுதான் ரெண்டும் ஒளிக்கிறதில்லை. மெல்லமாப் பறக்கும், பளிச்செண்ட நிறம் போடும். கிரிம்சன் ரோசின்ர தலையும் வயிறும் குங்குமச் சிவப்பு. பேர்ட்விங்குக்குக் கழுத்தில ஒரு சிவப்பு வளையம்.

புழுவும் சொந்தம் காட்டும். ரெண்டுக்கும் உடம்பு முழுக்கச் சதைக் கொம்புகள். தொட்டுப் பாத்தா தலைக்குப் பின்னால மஞ்சள் கவைக்கோல் மாதிரி ஒண்டை நீட்டும், நாறும். மசுக்குட்டி எண்டு பயந்து பிள்ளையள் மண்ணெண்ணெய் ஊத்துறதைக் கண்டிருக்கிறன். மசுக்குட்டிக்கு மயிர் இருக்கும், இதுக்கு இல்லை. கடிக்காது, சுணைக்காது.

கொடியின்ர தமிழ்ப் பேர் ஆடுதீண்டாப்பாளை. ஆடு தொடாது எண்டபடியால். நான் எங்கட ஆட்டிட்டைக் காட்டிப் பாத்தன். மணந்தது, தும்மினது, இலையை விட்டிட்டு நான் கொடியில கட்டியிருந்த பேர் எழுதின மட்டையைத் தின்னுது.

4 தை 2024

மேல எழுதினதில ஒரு பெரிய பிழை. வவுனியாவில இருந்து ஒரு சித்த வைத்தியர் பிடிச்சிட்டார். "ஒரே கொடி" எண்டு நாங்கள் எல்லாரும் ஒரு மாதமாச் சொல்லிக்கொண்டிருக்கிறம். அது ஒரு கொடி இல்லை, ரெண்டு.

ஒண்டு ஆடுதீண்டாப்பாளை. நிலத்தில படருறது, முழங்கால் உயரத்துக்கு மேல எழும்பாது, இலை உருண்டை, வறண்ட தரையில வரும். மற்றது ஈச்சுரமூலி, சிலபேர் பெருமருந்து எண்டும் சொல்லுவினம். அது மரத்தில ஏறுற கொடி, இலை நீட்டு. சிங்களத்தில சப்சந்த. ரெண்டும் அரிஸ்டொலோக்கியாதான், ஆனா வேற வேற இனம்.

கிரிம்சன் ரோஸ் ரெண்டிலயும் வளரும். பேர்ட்விங் ஏறுகொடிக்காரன். நான் மாத்தளையில கண்டதெல்லாம் ஈச்சுரமூலியில. இப்ப நினைச்சா வெக்கமாக் கிடக்கு. ஆறு வருஷம் அந்த இலையைப் பாத்தும், ஊருக்கு வந்து உருண்டை இலையைக் கண்டு "அதே கொடி" எண்டு சொன்னனான். படிப்பிச்சவன் சொன்னா ஆரும் குறுக்க கேக்கிறதில்லை, அது ஒரு நோய்.

கொக்குவில் தம்பி, அம்மம்மாவிட்டை ஒருக்கா இலை உருண்டையோ நீட்டோ எண்டு கேளுங்கோ.

5 தை 2024

உருண்டையாம்.

21 தை 2024

மானிப்பாயில இருந்து ஒரு பிள்ளை படம் அனுப்பியிருக்கிறா. "எங்கட தேசிமரத்தில கிரிம்சன் ரோஸ் முட்டை இடுது, நீங்கள் பாளைக் கொடி எண்டு சொல்லுறியள்." தேசி இலையில முட்டை இட்டா அது கிரிம்சன் ரோஸ் இல்லை, பிள்ளை. வேஷக்காரி.

அவவின்ர பேர் கொமன் மோர்மன். புழு தேசி, தோடை, கறிவேப்பிலை தின்னும். உடம்பில நஞ்சு இல்லை. ஆனா அதின்ர பெண்பூச்சியில மூண்டு விதம் இருக்கு. ஒண்டு தன்ர ஆண் மாதிரி. ஒண்டு கொமன் ரோஸ் எண்ட இன்னொரு நஞ்சுப்பூச்சி மாதிரி. மற்றது அப்பிடியே கிரிம்சன் ரோஸ் மாதிரி. முன்செட்டையில வெள்ளைப் பட்டை, பின்செட்டையில சிவப்புப் பிறை, எல்லாம் அச்சு. இந்த மூண்டும் ஒரே இனத்துப் பெண்கள்தான் எண்டு 1865 இல வாலஸ் எண்ட இயற்கை ஆய்வாளர் எழுதினார். அதுக்கு மூண்டு வருஷம் முந்தி, நஞ்சில்லாதது நஞ்சுள்ளதின்ர உடுப்பைப் போடுது எண்ட கதையை அமேசன் காட்டில இருந்து வந்த பேற்ஸ் சொல்லியிருந்தார். 2014 இல மரபணுவையே பிடிச்சிட்டினம். டபிள்செக்ஸ் எண்ட ஒரே ஒரு மரபணுதான் பெண் எந்த உடுப்புப் போடுறது எண்டு தீர்மானிக்குது. அந்த மரபணு ஆணிலயும் இருக்கு, ஆனா ஆண் வேஷம் கட்டாது. எங்கட கூத்தில ஆம்பிளையள் பொம்பிளை வேஷம் கட்டினவை, இதுகளிட்டைத் தலைகீழ்.

எப்பிடிப் பிடிக்கிறது? செட்டையைப் பாக்காதேங்கோ. உடம்பைப் பாருங்கோ. கிரிம்சன் ரோசுக்கு உடம்பு சிவப்பு. வேஷக்காரிக்குக் கறுப்பு. செட்டைக்குச் சாயம் பூசினவ, உடம்பை மறந்துபோனா.

21 தை, பின்னேரம்

இதை எழுதின பிறகு என்ர பழைய கொப்பியை எடுத்துப் பாத்தன். 2021, 2022 ரெண்டு வருஷமும் கிணத்தடியில நிண்ட கிரிம்சன் ரோஸ் எண்டு எண்ணி எண்ணி எழுதியிருக்கிறன். ஒரு நாள் 23. கிணத்தடியில என்ன நிக்குது? தேசியும் கறிவேப்பிலையும். உடம்பு என்ன நிறம் எண்டு ஒரு இடத்திலயும் எழுதேல்லை. அந்த ரெண்டு வருஷத்தையும் வெட்டிப்போட்டன்.

பேர்ட்விங்குக்கு இப்பிடி ஒரு கரைச்சல் இல்லை. அந்தளவு பெரிசை ஆர் பாவனை பண்ணுறது?

3 மாசி 2024

பேர் பற்றிக் கேட்டிருக்கினம். கிரிம்சன் ரோசுக்கு விஞ்ஞானப் பேர் பக்லியொப்டா ஹெக்டர். அதில ஹெக்டர் எண்டது 1758 இல லின்னேயஸ் எண்ட சுவீடன் விஞ்ஞானி வைச்சது. ஹெக்டர் ட்ரோய் நகரத்து இளவரசன். லின்னேயஸ் பெரிய வண்ணாத்திப்பூச்சியளை ட்ரோய்க்காரர், கிரேக்கர் எண்டு ரெண்டு படையாப் பிரிச்சவர். நெஞ்சில சிவப்பு இருந்தா ட்ரோய்க்காரன், சண்டையில தோத்த பக்கம். எங்கட வேலியில திரியிறது தோத்த படையின்ர தளபதி. பேர்ட்விங்குக்கும் அதே கதைதான் ஒட்டிக்கொண்டுது, ட்ரோயிடெஸ் டார்சியஸ்.

தமிழில என்ன பேர் எண்டா, எங்கட பக்கம் எல்லாம் வண்ணாத்திப்பூச்சிதான். மீனுக்கு நூறு பேர் வைச்ச சனம், இதுக்கு ஒண்டோட விட்டிட்டுது. தின்ன ஏலாதபடியாலோ என்னவோ. தமிழ்நாட்டில 2019 இல மாநிலத்துக்கு எண்டு ஒண்டைத் தெரிவு செய்து "தமிழ் மறவன்" எண்டு பேர் வைச்சவை. நல்ல பேர். நாங்கள் ஹெக்டருக்கு என்ன வைக்கலாம் எண்டு கேட்டதுக்கு இதுவரைக்கும் வந்தது: குங்குமவயிறன், சிவப்பன், பாளையடியான். நான் பாளையடியானுக்குப் போடுறன் வாக்கு. ஒரு ஆள் "ஹெக்டர் மாமா" எண்டு எழுதியிருக்கு. நிர்வாகம் கவனிக்கவும்.

9 மாசி 2024

ஒரு விசயம் முந்தியே எழுதியிருக்கவேணும். கிரிம்சன் ரோஸ் இஞ்சையும் கோடிக்கரையிலயும் ஒரே இனம். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே ஹெக்டர்தான். கூட்டமா இடம்பெயருற பூச்சி அது. பேர்ட்விங் அப்பிடி இல்லை. இலங்கையில இருக்கிற டார்சியஸ் உலகத்தில வேற எங்கையும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில இருக்கிறது வேற இனம், ட்ரோயிடெஸ் மைனோஸ். ஒரு காலத்தில ஒண்டா இருந்ததுகள் ஈரக்காடு ஈரக்காடாப் பிரிஞ்சு, இடையில வறண்ட சமவெளியும் கடலும் கிடக்க, தனித்தனி ஆயிட்டுதுகள்.

அப்ப பேர்ட்விங்கைப் பொறுத்தவரை நாங்கள் கடல். உப்புத்தண்ணி இல்லாத கடல். வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு எல்லாம் சேந்து.

27 பங்குனி 2024

சிவனொளிபாதமலைக்கு வண்ணாத்திப்பூச்சி சாகப் போறது மெய்யோ எண்டு கேட்டவைக்கு: பங்குனி, சித்திரையில கூட்டமாப் பறக்கிறது மெய். சிங்களத்தில அந்த மலைக்கு சமனல கந்த எண்டு பேர், சமனலயா எண்டா வண்ணாத்திப்பூச்சி. சாகப் போகுது எண்டது கதை. பறக்கிறதில கனக்க, நான் முதல் நாள் சொன்ன கொன்றை மரத்துப் பூச்சியள். பேர்ட்விங் அந்தக் கூட்டத்தில இல்லை. இதோட விடுவம்.

15 வைகாசி 2024

சோளகம், அதுதான் தென்மேற்குக் காத்து, தொடங்கிட்டுது. வளவில பாளைக் கொடி காஞ்சுபோச்சுது. போன மாதம் 40 இலைக்கு மேல இருந்தது, இப்ப காஞ்ச நார். கிழங்கு மாதிரி வேர் மண்ணுக்குள்ள உயிரோட கிடக்கும், மழைக்குத் திரும்ப வரும். ஆனா ஐப்பசி வரைக்கும் பச்சை இல்லை.

இதில நிண்டு யோசிச்சன். தம்பியின்ர கேள்விக்கு மறுமொழி இந்தக் காஞ்ச நார்தான்.

மாத்தளையில ஒரு பேர்ட்விங் புழுவை நாளும் போய்ப் பாத்தனான். பள்ளிக்கூட வேலியில நிண்ட ஈச்சுரமூலியில கிடந்தது. ஒரு மாதத்துக்குக் கிட்டத் தின்னுது. கடைசிக் கிழமை இலை முடிஞ்சு தண்டைச் சப்பத் தொடங்கினது. தண்டைச் சுத்திவரக் கடிச்சதில மேல ஏறின பத்தடிக் கொடி முழுக்க வாடிப்போச்சுது. ஒரே ஒரு புழு! கைவிரல் மொத்தம். பேந்து கூட்டுப்புழு ஆனது, விரலால தட்டினன், உள்ள இருந்து உஸ் எண்டு சீறினது. கையை எடுத்த வேகத்தில கண்ணாடி விழுந்து உடைஞ்சது. அதைக் கண்டு சிரிச்ச பெடியன் இப்ப கண்டியில டொக்டர்.

கிரிம்சன் ரோஸ் புழு எங்கட சாடியில ரெண்டு மூண்டு கிழமையில அலுவலை முடிச்சிடும். உருண்டை இலைப் பாளையில ஒரு புழுவுக்கு ஒரு நல்ல செடி காணும், ரெண்டெண்டா இழுபறி. இலை முடிஞ்சா நிலத்தால ஊர்ந்துபோய் அடுத்த செடியைத் தேடும். கோடையில் இலை இல்லையெண்டா செட்டை முளைச்ச பூச்சி பறந்து வேற இடம் போகும். சின்ன வீட்டுக்காரன், பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழும்பத் தெரிஞ்சவன்.

பேர்ட்விங்குக்கு மரத்தில ஏறின, மொத்தமான, வருஷம் முழுக்க இலை விடுற கொடி வேணும். கொடி ஏற மரம் வேணும். மரம் அடர்ந்து நிக்க மழை வேணும். ஈரவலயம் எண்டா வருஷத்துக்கு 2500 மில்லிமீற்றருக்கு மேல, ரெண்டு பருவத்திலயும் பெய்யும். எங்களுக்குக் கிடைக்கிறது அதின்ர அரைவாசி அளவு, அதிலயும் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள்ள கொட்டிப்போட்டுப் போயிடும். மிச்சத்தைச் சுண்ணக்கல்லு உறிஞ்சி வைச்சுக் கிணத்தில தருது. மனிசருக்குக் கிணறு காணும், பேர்ட்விங்குக்குக் காணாது.

ஆக, நஞ்சு ஒண்டு, குடும்பம் ஒண்டு, கொடிச் சாதி ஒண்டு. ஆனா இலை எத்தினை மாதம் பச்சையா நிக்குது எண்டதிலதான் ரெண்டு பேரின்ர ஊரும் பிரியுது.

16 வைகாசி 2024

"அப்ப ஈச்சுரமூலியை இஞ்சை நட்டுத் தண்ணி விட்டு, நாலு பேர்ட்விங்கைக் கொண்டுவந்து விடலாமே" எண்டு ஒரு மறுமொழி. வேண்டாம். சட்டப் பாதுகாப்பு உள்ள பூச்சி, காட்டுயிர் வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற சைற்றிஸ் ஒப்பந்தத்தின்ர இரண்டாம் இணைப்பில ட்ரோயிடெஸ் சாதி முழுக்க இருக்கு. அதை விடுங்கோ, சோளகக் காத்தில உந்தச் செட்டை ஒரு நாளும் தாங்காது. குளிரூட்டின பஸ்ஸில வந்தாலும்.

ஈச்சுரமூலி நடுறது நல்லம். ஹெக்டர் வருவார்.

16 வைகாசி, இரவு

இன்னொரு ஆள் அந்த இலையைக் கசாயம் வைச்சுக் குடிக்கலாமோ எண்டு கேட்டவர், பாம்புக்கடிக்கு நல்லதாம் எண்டு. பகிடி இல்லாமல் சொல்லுறன்: குடிக்காதேங்கோ. அரிஸ்டொலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சிறுநீர்ப்பாதையில புற்றுநோய் வரப்பண்ணும். 1990 களின்ர தொடக்கத்தில பெல்ஜியத்தில உடம்பு மெலிய எண்டு மூலிகைக் குளிசை போட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் போனது இதாலதான். வவுனியா வைத்தியர் ஐயாவும் இப்ப தான் உள்ளுக்குக் குடுக்கிறதில்லை எண்டு எழுதியிருக்கிறார். பாம்பு கடிச்சா ஆசுபத்திரி. புழுவுக்குத்தான் அந்த நஞ்சைச் சமாளிக்கிற உடம்பு இருக்கு.

2 ஆடி 2024

பிறிஸ்பேனில இருந்து ஒரு அக்கா நீட்டா எழுதியிருக்கிறா, அவ முந்தி எங்கட ஒழுங்கையில இருந்தவ. அங்கை ரிச்மண்ட் பேர்ட்விங் எண்டு ஒண்டு இருக்காம். தென்னமெரிக்காவில இருந்து பூவுக்காகக் கொண்டுவந்து வளவில வளத்த அரிஸ்டொலோக்கியா கொடியொண்டில அது ஏமாந்து முட்டை இடுமாம். மணம் ஒண்டுபோலக் கிடக்கும், புழு தின்னும், செத்துப்போகும். இப்ப சனம் அந்தக் கொடியைப் பிடுங்கிப்போட்டு ஊர்க்கொடியை நடுகினம்.

இது எங்களுக்கும் பாடம் எண்டு எழுத வெளிக்கிட்டனான், அழிச்சுப்போட்டன். கேக்கிறது ஒண்டுதான்: பூக்கண்டுக் கடையில புகையிலைக் குழாய் மாதிரிப் பெரிய பூ பூக்கிற கொடி வித்தா வாங்கமுன்னம் ஒருக்கா இதில படம் போடுங்கோ.

அக்கா, உங்கட பழைய வீட்டுப் பூவரசு இன்னும் நிக்குது.

20 ஆவணி 2024

கெட்ட செய்தி. நான் கொழும்புக்குப் போய் வரமுன்னம், வளவு துப்பரவாக்க வந்தவர் வேலிக்கரையைச் சுத்தமா வழிச்சுப்போட்டார். பாளை நிண்ட இடம் செம்பாடு தெரியக் கிடக்கு. அம்மாதான் காசு குடுத்தவ. "பத்தை தானே, பாம்பு வரும்" எண்டா. அவவிட்டைக் கோவிக்க ஏலாது. நான் கொடிக்கு ஒரு மட்டை கட்டியிருந்தா அவர் கண்டிருப்பார். மட்டையைத்தான் ஆடு தின்னுட்டுதே.

எனக்கு இதில ஒரு பழைய நினைவு இருக்கு. 1995 ஐப்பசிக் கடைசியில சண்டையால வலிகாமத்தை விட்டு எல்லாரும் போனம். அடுத்த வருஷம் சித்திரை மாதம் திரும்பி வரேக்கை, ஆறு மாதம் ஆளில்லாத வளவு. மதில் விழுந்து கிடக்கு, கிணத்துக்குள்ள என்னென்னவோ. நாயுண்ணி கழுத்தளவுக்கு. அந்த நாயுண்ணிப் பூவில கறுப்பும் சிவப்புமா ஒரே வண்ணாத்திப்பூச்சி. அப்பா படலையடியில நிண்டு அதைப் பாத்தபடி "இதுகள் எங்களை விட முந்தி வந்திட்டுதுகள்" எண்டார். எனக்கு அப்ப பூச்சியில ஒரு அக்கறையும் இல்லை. வீட்டின்ர ஓடு எத்தினை மிச்சம் எண்டு எண்ணிக்கொண்டிருந்தன். இப்ப யோசிச்சா அதுக்குள்ள எத்தினை மோர்மன், எத்தினை ரோஸ் எண்டு பாத்திருக்கலாம். உடம்பு நிறம் ஞாபகம் வருதில்லை. செட்டை மட்டும்தான்.

வடக்கில ஆமி விட்டுக்குடுத்த காணியளிலயும் இதே கதை. கனகாலம் பூட்டிக் கிடந்த காணி பத்தையாகி, பத்தைக்குள்ள பாளையும் நாயுண்ணியும் வந்து, பூச்சி பெருகும். சனம் திரும்பி வரும், புல்டோசர் வரும், பூச்சி போகும். சனம் வாறது நல்லது, அதில எனக்கு ரெண்டு பேச்சில்லை. வேலிக்கரையில ஒரு முழத்தை வழிக்காமல் விடுங்கோ எண்டுதான் கேட்டுப் பாப்பன். கேட்டா, "ஐயா, பாம்பு" எண்டுவினம்.

9 மார்கழி 2024

இழை தொடங்கி ஒரு வருஷம். கார்த்திகைக் கடைசியில ஃபெங்கல் புயல் மழை, முழு வளவும் மூண்டு நாள் தண்ணிக்குள்ள. வேர் அழுகியிருக்கும் எண்டு நினைச்சன். இண்டைக்குக் காலமை வேலிக்கரையில கால் பெருவிரல் அளவில ஒரு முளை. அம்மாவைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினன். "உதுக்கோ இவ்வளவு கதை" எண்டு கேட்டா. ஆனா பின்னேரம் போய்ப் பாத்தா, தும்புத்தடியைத் தலைகீழாக் குத்தி, அதுக்கு மேல சிவப்புத் துணி கட்டியிருக்கிறா. ஆடு இந்த முறை துணியைத் தின்னாமல் இருந்தாச் சரி.

17 மார்கழி 2024

கொக்குவில் தம்பி, படம் கண்டன். வடிவா எடுத்திருக்கிறியள். ஆனா பின்னால தெரியிறது கறிவேப்பிலை. உடம்பைப் பாருங்கோ.

3 தை 2025

முளையில இப்ப நாலு இலை. மத்தியானம் ஒரு ஹெக்டர் வந்துது, உடம்பு சிவப்பு, ரெண்டுதரம் பாத்தன். துணியைச் சுத்தினது, முதல் இலையில காலால தட்டினது, ரெண்டாவதைத் தட்டினது, மூண்டாவதின்ர கீழ வயித்தை வளைச்சது. போன பிறகு முழந்தாளில இருந்து பாத்தன். குண்டுமணியில கால்வாசி அளவில சிவப்பா ஒரு முட்டை.

நாலு இலை ஒரு புழுவுக்கு ஒரு கிழமையும் காணாது. உடுவில், சுன்னாகம், மல்லாகம் பக்கம் ஆற்றையாவது வளவில உருண்டை இலைப் பாளை நிண்டா சொல்லுங்கோ, சைக்கிளில வந்து ஒரு பிடி பிடுங்கிக்கொண்டு போறன். நீட்டு இலை எண்டாலும் பரவாயில்லை.